பிரித்து வைக்கிற வேலை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் கட்டட சைட்டில் 'செக்ரிகேஷன்' என்ற சொல் சர்வ சாதாரணமாகப் புழங்கும். சூப்பர்வைசர் சொல்வார், லேப் பையன் சொல்வான், ரெடிமிக்ஸ் லாரி ஓட்டி வருகிறவர்கூடச் சொல்வார். யாருக்கும் உறுத்தாது. அதுவும் மனிதர்களை இனவாரியாகப் பிரித்து வைத்த இந்த ஊரில்! ஒருநாள் சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தேன்: "தூணோட அடியில முழுக்கச் செக்ரிகேஷன் ஆகியிருக்கு. அப்படியே பூசி மூடறதெல்லாம் வேண்டாம், உடைச்சுடுங்க." வெராந்தாவில் டபுள் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்த வீட்டுக்கார ஆயா நிமிர்ந்து பார்த்தார்.

"செக்ரிகேஷனை உடைக்கப் போறியா தம்பி? ரொம்ப லேட்டா வந்திருக்கே."

இங்கே தமிழ் வீடுகளில் பாட்டி என்றால் ஆயாதான். எங்கள் ஆயா எண்பதைத் தாண்டியவர். பிறந்தது டர்பனை ஒட்டிய கேட்டோ மேனரில். கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இருந்த காலத்தில் தட்டுமுட்டுச் சாமான்களோடு லாரியில் ஏற்றி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். சின்ன வயதில் கோயிலை ஒட்டிய தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தது இன்னும் நாக்கில் இருக்கிறது. பேரப்பிள்ளைகளிடம் இங்கிலீஷ், காய்கறிக்காரரிடம் ஸுலு, என்னிடம் தமிழ்.

எங்கள் தொழிலில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அன்றைக்கு அவருக்கு விளக்க வேண்டியதாயிற்று. சிமெண்ட், மணல், ஜல்லி, தண்ணீர் எல்லாம் கலந்து மிக்சரிலிருந்து வரும்போது பார்த்தால் ஒரே பொருளாகிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் ஈரம் இருக்கிறவரை ஜல்லி கீழே இறங்கத்தான் பார்க்கும், தண்ணீர் மேலே ஏறத்தான் பார்க்கும். தண்ணீர் கொஞ்சம் கூடினால் போதும். ஒன்றரை மீட்டருக்கு மேலிருந்து கொட்டினால் போதும். வைப்ரேட்டரை ஒரே இடத்தில் விட்டுவிட்டுப் பேச்சு சுவாரசியத்தில் நின்றால் போதும். மறுநாள் பலகையைப் பிரித்தால் தூணின் அடியில் சாந்தே இல்லாமல் ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். பொந்தில் விரலை விட்டால் கம்பி தட்டுப்படும். கலக்குவதும், கலந்ததை இறுகுகிறவரை கலந்தபடியே காப்பாற்றுவதும்தான் எங்கள் உழைப்பு. பிரிவதற்கு யாரும் கூலி வாங்க வேண்டியதில்லை, புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும்.

ஆயா கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க விஷயத்துல நேர்மாறு. எங்களைப் பிரிக்கத்தான் வெள்ளைக்காரனுக்கு அவ்வளவு ஆள் தேவைப்பட்டது."

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் வெகுநாளாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். ஏனென்றால் எதிர்ப்பக்க வாதத்தை நான் கேட்காத வாரமே இல்லை. "அவங்கவங்க அவங்கவங்க ஆட்களோட இருக்கறதுதான் இயற்கை" என்று இங்கே பழைய தலைமுறை வெள்ளைக்காரர்கள் சொல்வார்கள். சாட்ஸ்வொர்த் மாமாக்களும் சொல்வார்கள். நம்மூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஊரும் சேரியும் தனித்தனியாக இருப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால், பொறியியல் படித்தவன்கூட இதையே வேறு வார்த்தையில் சொல்வான். ஜல்லி இறங்குவது இயற்கை. மனிதர்கள் விஷயத்தில் அந்த வேலையைச் செய்தது யார், எவ்வளவு செலவில் என்று ஒரு கணக்காவது பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

கேட்டோ மேனரை எடுத்துக்கொள்வோம். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைக்கு வந்ததிலிருந்து 1911 வரை ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். பெரும்பகுதி தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். ஒப்பந்தம் முடிந்தவர்களில் பலர் நகரத்தை ஒட்டிய மேட்டுநிலத்தைக் குத்தகைக்கோ கிரயத்துக்கோ பிடித்துக் காய்கறி போட்டார்கள். 1930களில் வேலை தேடி வந்த ஸுலு மக்கள் அதே நிலத்தில் வாடகைக்குக் குடிசை போட்டார்கள். ஆற்றின் பெயரால் உம்கும்பானே என்று அவர்கள் அழைத்த இடம் அதுதான். சட்டம் போட்டு யாரும் அவர்களைக் கலக்கவில்லை. வேலை, வாடகை, தண்ணீர், கடன் எல்லாமாகச் சேர்த்து இழுத்தது.

சொர்க்கமாக இருந்ததென்று ஆயா சொல்வதில்லை. "வாடகை வாங்கறவனும் குடுக்கறவனும் ஒண்ணாயிடுவாங்களா?" என்பார். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது குடித்தனக்காரப் பிள்ளைகளும் தகரக் குவளையோடு வரிசையில் நின்றிருக்கிறார்கள். கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு இங்கே பெயரே 'பாரிட்ஜ் பிரேயர்'. 1949 ஜனவரியில் விக்டோரியா தெருப் பக்கம் ஒரு இந்தியக் கடைக்காரர் ஆப்பிரிக்கப் பையன் ஒருவனை அடித்ததில் தொடங்கிய கலவரம் கேட்டோ மேனரையும் எரித்தது. 142 பேர் செத்தார்கள். அவர்களில் அதிகம் பேர் ஆப்பிரிக்கர்கள், அடுத்து இந்தியர்கள். ஆயாவின் குடும்பத்தை ஒளித்துவைத்தது பின்கட்டில் குடியிருந்த ஸுலுப் பெண். அதற்கப்புறம் ஆயாவின் அப்பா வாடகை வசூலுக்குத் தனியாகப் போனதில்லை. இரண்டையும் ஆயா சேர்த்தேதான் சொல்வார்.

பிரிக்க நினைத்தவர்களுக்கு அந்தக் கலவரம் கையில் கிடைத்த சாட்சி. பார்த்தாயா, இவர்கள் சேர்ந்து வாழ மாட்டார்கள் என்றார்கள். அப்புறம் வேலை ஆரம்பித்தது. முதலில் சீட்டு ஒட்ட வேண்டும், பிறகுதானே அடுக்க முடியும்? 1950-ல் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவருக்கும் ஒரு இனத்தை எழுதியது. அதே ஆண்டின் குழுப்பகுதிச் சட்டம் அந்த எழுத்தின்படி யார் எங்கே வாழலாம், எங்கே சொத்து வாங்கலாம் என்று தீர்மானித்தது. கலப்புத் திருமணத்தை 1949-லேயே தடை செய்தாயிற்று. 1953-ல் பெஞ்சு, கடற்கரை, கழிப்பறை, பஸ் எல்லாவற்றையும் பிரித்து ஒதுக்க ஒரு சட்டம். பிரித்துக் கொடுப்பது சமமாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதையும் அந்தச் சட்டத்திலேயே எழுதினார்கள். அந்த நேர்மையை மட்டும் பாராட்டலாம். 1959-ல் பல்கலைக்கழகங்கள். வகைப்படுத்த வாரியம், மேல்முறையீட்டுக்கு இன்னொரு வாரியம், சந்தேகம் வந்தால் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகி விழுகிறதா நிற்கிறதா என்று பார்க்கும் அதிகாரிகள்.

டர்பன் நகரசபை தானே முன்வந்து இனவாரியாக வரைபடம் போட்டுக் கொடுத்தது. ஆறு, ரயில்பாதை, நெடுஞ்சாலை, தொழிற்சாலை வரிசை, காலிப்பொட்டல் என்று எதுவெல்லாம் குறுக்கே நிற்குமோ அதெல்லாம் எல்லையானது. சாட்ஸ்வொர்த்துக்கும் பக்கத்திலேயே ஆப்பிரிக்கர்களுக்கு ஒதுக்கிய உம்லாசிக்கும் நடுவில் ஆறு ஓடுகிறது. பொறியாளனாகச் சொல்கிறேன், அந்த வரைபடத்தைப் போட்டவர்கள் வேலை தெரிந்தவர்கள். ஒரு ஊருக்குள் நுழைய எத்தனை சாலை வைக்க வேண்டும் என்பதைவிட, எத்தனை சாலை வைக்கக் கூடாது என்பதைத்தான் அதிகம் யோசித்திருக்கிறார்கள்.

1958-ல் கேட்டோ மேனர் வெள்ளையர் பகுதி என்று அறிவிப்பு வந்தது. ஆப்பிரிக்கர்களைப் பெரும்பாலும் க்வாமாஷுவுக்கு அனுப்பினார்கள், இந்தியர்களை சாட்ஸ்வொர்த்துக்கு. சோம்ட்சூ ரோட்டுப் பக்கம் மேகசின் பேரக்ஸில் தலைமுறைகளாக இருந்த நகரசபைத் தொழிலாளர்களும், தமிழரும் தெலுங்கரும்தான் பெரும்பாலும், பின்னாலேயே வந்தார்கள். ஊரை யூனிட் யூனிட்டாகப் பிரித்திருந்தார்கள். தெருக்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். பெயர்கள் பிற்பாடு வந்தன. ஆயா வயதுக்காரர்கள் இன்றைக்கும் எழுநூற்றுச் சொச்சம் ரோடு என்றுதான் விலாசம் சொல்வார்கள். இரட்டை வீடுகள், நடுச்சுவர் பொது, மேலே ஆஸ்பெஸ்டாஸ். சந்தைக்கு நடந்து போனவர்கள் பஸ் காசு தேட வேண்டியதாயிற்று. அப்படிக் காலி செய்த கேட்டோ மேனரில் வெள்ளையர்கள் குடியேறினார்களா என்றால், பெரும்பகுதி இருபது வருஷத்துக்கும் மேலாகப் புதர் மண்டிச் சும்மா கிடந்தது. கோயில்களை மட்டும் இடிக்கவில்லை. பெல்லேர் ரோட்டு அம்பலவாணர் ஆலயத்துக்குத் தீமிதி பார்க்க சாட்ஸ்வொர்த்திலிருந்து ஜனங்கள் பஸ் பிடித்துப் போனார்கள்.

இத்தனை செய்தவர்களுக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. செக்ரிகேஷன் என்பது 1948-க்கு முன்னால் இங்கே அரசாங்கமே கூசாமல் பயன்படுத்திய சொல். 1942-ல் பிரதமர் ஸ்மட்ஸ், செக்ரிகேஷனுக்குக் கெட்ட காலம் வந்துவிட்டது என்று மேடையிலேயே பேசினார். பேசிய அடுத்த வருஷமே இந்தியர்கள் நிலம் வாங்குவதைத் தடுக்கும் சட்டம், 1946-ல் அதைவிடக் கடுமையாக இன்னொன்று, இரண்டும் அவர் ஆட்சியில்தான். அந்த இரண்டாவது சட்டத்தை எதிர்த்து உம்பிலோ ரோடும் கேல் தெருவும் சந்திக்கிற முனையில் கூடாரம் அடித்துச் சிறைக்குப் போனவர்களில் தமிழர் ஏராளம். நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தலைவர் மான்டி நாயக்கர் முன்னால் நின்றார். 1948-ல் ஆட்சி மாறியதும் இன ஒதுக்கலுக்கு 'அபார்தைட்' என்ற சொல் வந்தது. அதுவும் உலகத்தின் காதில் நாறத் தொடங்கியபோது 'தனித்தனி வளர்ச்சி' ஆயிற்று. பிரதமர் ஃபெர்வூர்ட் ஒரு படி மேலே போய், இதை நல்ல அக்கம்பக்கத்துக் கொள்கை என்றே சொல்லலாம் என்றார். ஆப்பிரிக்கர் விவகாரத்தைக் கவனித்த துறைக்கு 1958-ல் 'பண்டு' (ஆப்பிரிக்கர்களுக்கு அரசாங்கம் வைத்த சொல்) என்று பெயர், 1978-ல் 'ப்ளூரல்' உறவுகள் என்று பெயர். பன்மை! அப்படியானால் ஒற்றை ஆளை என்னவென்று கூப்பிடுவது என்று ஜனங்கள் சிரித்தார்கள். நாற்றம் பலகையில் இல்லை, கடையில் இருக்கிறது என்பது பெயர்ப்பலகை எழுதுகிறவனுக்கு எந்தக் காலத்திலும் புரிவதில்லை.

இதில் நம் பக்கத்துக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். டர்பன் தபால் ஆபீசில் அந்தக் காலத்தில் இரண்டு வாசல். ஒன்று ஐரோப்பியருக்கு, மற்றது ஆப்பிரிக்கருக்கும் ஆசியருக்கும் சேர்த்து. இது அவமானம் என்று நேட்டால் இந்தியக் காங்கிரஸ் மனுப் போட்டது. அதன் பலனாக மூன்று வாசல் கிடைத்தது என்று 1895-ல் அதன் அறிக்கையில் பெருமையாக எழுதியவர் காந்தி. ஒரே வாசல் ஆகவில்லை, கவனியுங்கள். மூன்றாவதாக ஒன்று திறந்தது. ஆப்பிரிக்கரோடு ஒரே வாசலில் நுழைவதுதான் அன்றைய மனுதாரர்களுக்கு உறுத்தியிருக்கிறது. காந்தி பிறகு வெகுதூரம் வந்துவிட்டார், அது வேறு கதை. அன்றைக்கு அந்தக் காங்கிரஸில் உறுப்பினராக ஆண்டுச் சந்தா 3 பவுன், தோட்டத்துத் தமிழனால் எட்டிப் பார்க்க முடியாத தொகை. ஆனால் மூன்றாவது வாசல் என்கிற யோசனை வியாபாரிகளோடு நின்றுபோகவில்லை. 1984-ல் வெள்ளையருக்கும் கலப்பினத்தவருக்கும் இந்தியருக்கும் தனித்தனி அவையாக நாடாளுமன்றத்தை மூன்றாகப் பிரித்து, ஆப்பிரிக்கரை வெளியே நிறுத்தியபோது, பெரும்பாலான இந்தியர்கள் ஓட்டுப் போடாமல் புறக்கணித்தார்கள். மூன்றாம் வாசல் வழியாக உள்ளே போய் உட்கார்ந்தவர்களும் இருந்தார்கள்.

ஆயாவின் தம்பி படித்தது தீவில். 1961-ல் இந்தியர்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியை டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டடங்களில் ஆரம்பித்தார்கள். படகில் போய்ப் பாடம் கேட்க வேண்டும். இயற்கையாகப் பிரிகிறவர்களுக்கு எதற்குப் படகு என்று கேட்கத் தோன்றுகிறது.

இயற்கை என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். பள்ளிக்கூடத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு மெண்டலின் பட்டாணி தெரியும். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் கலந்தால் முதல் தலைமுறை முழுக்க நெட்டை. அதைத் தன்னோடு தானே விட்டால் அடுத்த தலைமுறையில் நாலில் ஒன்று குட்டை. காணாமல் போனதாக நினைத்த காரணி உள்ளேயே அழியாமல் இருந்து, இனப்பெருக்கச் செல் உண்டாகும்போது துணையிலிருந்து பிரிந்து வெளியே வருகிறது. 1866-ல் அச்சான இந்தக் கண்டுபிடிப்புக்கும் செக்ரிகேஷன் விதி என்றுதான் பெயர்.

அரசாங்கத்தின் செக்ரிகேஷனும் மெண்டலின் செக்ரிகேஷனும் ஒரு சிறுமியின் உடம்பில் நேருக்கு நேர் முட்டின. சாண்ட்ரா லெய்ங் 1955-ல் பிறந்தவர். வெள்ளையர் என்று பதிவான தாய் தந்தை. பிள்ளை மாநிறமாக, சுருட்டை முடியோடு இருந்தது. 1966-ல் வெள்ளையர் பள்ளியிலிருந்து வெளியே அனுப்பி, கலப்பினம் என்று மாற்றி எழுதினார்கள். தகப்பனார் ரத்தப் பரிசோதனைவரை போய் என் பிள்ளைதான் என்று வாதாடினார். 1967-ல், பெற்றோர் வெள்ளையரென்றால் பிள்ளையும் வெள்ளைதான் என்று சட்டத்தையே திருத்திய பிறகு மறுபடி வெள்ளையானார். எத்தனையோ தலைமுறைக்கு முன் கலந்தது அமைதியாக உள்ளே இருந்து வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்பது பொதுவான விளக்கம். பட்டாணிக்குத் தெரிந்தது அமைச்சரவைக்குத் தெரியவில்லை.

இதே சொல் நல்ல வேலையும் பார்க்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் கணக்குப் பிரிவில் பில்லைச் சரிபார்க்கிறவர் வேறு, பணம் விடுவிக்கிறவர் வேறு. ஒரே ஆளிடம் இரண்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதைக் கோயில் கமிட்டிகளைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தரகர் வாடிக்கையாளர் பணத்தைத் தன் பணத்தோடு சேர்க்காமல் வைப்பதும் இதே பெயரில்தான். குப்பை பிரிப்பதும் இதே பெயரில்தான். பேப்பரும் பிளாஸ்டிக்கும் ஆரஞ்சுப் பையில், மிச்சம் கறுப்புப் பையில். இங்கெல்லாம் பிரிப்பது பொருளையோ பொறுப்பையோ. பிரிக்கப்படுகிறவருக்கு அதில் ஒன்றும் குறைவதில்லை. நம் கட்டடத் தொழிலில் ஜல்லிக்கு இங்கிலீஷில் அக்ரிகேட் என்கிறோமே, அதற்கும் செக்ரிகேஷனுக்கும் லத்தீனில் ஒரே வேர், மந்தை என்று பொருள். ஒன்று மந்தையில் சேர்ப்பது, மற்றது மந்தையிலிருந்து ஒதுக்குவது. மாட்டுக்கு வைத்த சொல்லை மனிதனுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

சரி, 1991 ஜூனில் குழுப்பகுதிச் சட்டம் ஒழிந்தது. அதற்கப்புறமும் ஏன் ஊர் அப்படியே இருக்கிறது? இந்தக் கேள்விக்குப் படித்தவர்கள் தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளாதாரப் பேராசிரியரை இழுப்பார்கள். 1971-ல் அவர் எழுதிய கட்டுரை பிரபலம், 2005-ல் நோபல் பரிசும் வாங்கினார். சதுரங்கப் பலகை மாதிரிக் கட்டங்களில் இரண்டு வகைக் காசுகளைக் கலந்து வைத்தார். பக்கத்தில் தன் வகை கொஞ்சமாவது இருந்தால் போதும், இல்லையென்றால் நகர்ந்துகொள்ளலாம் என்பதுதான் விதி. எந்தக் காசுக்கும் மற்ற காசின் மேல் வெறுப்பில்லை. ஆனாலும் சில சுற்றில் பலகை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. அழகான சிந்தனை, மறுக்கவில்லை. ஆனால் டர்பனுக்கு இதைக் கொண்டுவந்து ஒட்டுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. ஷெல்லிங்கின் காசுகள் எந்தக் கட்டத்துக்கும் இலவசமாகப் போகலாம். இங்கே ஒவ்வொரு கட்டத்துக்கும் விலை இருக்கிறது, அந்த விலையை நிர்ணயித்தது பழைய வரைபடம். நல்ல பள்ளி, சாக்கடை, மரநிழல், வேலைக்குப் பக்கம் எல்லாம் பழைய வெள்ளையர் கட்டங்களில். உம்லாசியிலிருந்து ஒரு குடும்பம் பழைய வெள்ளையர் பகுதியான பெரியாவுக்குக் குடிபோகாமல் இருப்பது விருப்பம் சம்பந்தப்பட்டதா, வங்கிக் கடன் சம்பந்தப்பட்டதா?

இந்த வரைபடம் பயத்தையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. 2021 ஜூலைக் கலவரத்தின்போது ஃபீனிக்ஸில், அதுவும் இந்தியர்களுக்கென்று 1970களில் கட்டிய ஊர்தான், தெருமுனைகளில் தடுப்புப் போட்டுக் காவல் நின்றார்கள். போலீஸ் கண்ணில் படவில்லை, கடைகள் எரிந்தன, பயம் நியாயமானதுதான். ஆனால் அந்த நாட்களில் அங்கே முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். உள்ளே வரச் சில வழிகளே உள்ள ஊரில் யார் வருகிறார்கள் என்று நிறுத்திக் கேட்பது எவ்வளவு சுலபம்! நம் ஆட்கள் இதைப் பேசுவதில்லை. தற்காப்பு என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். ஆயாவின் மருமகன்கூட அப்படித்தான். ஆயா மட்டும் 1949-ஐ இழுத்து அவர் வாயை அடைத்தார்.

ஆயாவின் மாமனார் கேட்டோ மேனரில் இழந்த நிலத்துக்கு 1994-ன் நிலமீட்புச் சட்டப்படி மனுப் போட்டார்கள். நிலத்தைத் திருப்பித் தரவில்லை, பணமாகக் கொடுத்தார்கள். பங்காளிகள் பிரித்துக்கொண்டது போக வந்ததில் ஆயா ஆஸ்பெஸ்டாஸை எடுத்துவிட்டு ஓடு போட்டார். திரும்பிப் போக ஆசையா என்று கேட்டிருக்கிறேன். "போய்? என் கோயில் இங்க, டாக்டர் இங்க, செத்தா தூக்க வர்ற ஜனம் இங்க" என்றார். லாரியில் கொண்டுவந்து இறக்கிய இடம் அறுபது வருஷத்தில் சொந்த ஊராகிவிட்டது. பேரப்பிள்ளைகளைக் கேட்டால் தமிழர்கள் எப்போதுமே சாட்ஸ்வொர்த்தில்தான் இருந்ததாக நினைக்கிறார்கள்.

நடுச்சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டை ஒரு ஸுலு நர்ஸ் வாங்கிக் குடிவந்திருக்கிறார். சனிக்கிழமை ராத்திரி ரேடியோவைப் பெரிதாக வைக்கிறாராம், ஆயாவுக்கு ஒரே எரிச்சல். நான் ஒரு தினுசாகப் பார்த்திருப்பேன் போல. "என்ன அப்படிப் பாக்குறே? முன்னாடி இருந்தவன் நம்ம ஆளுதான். அவன் ஞாயித்துக்கெழமையும் வைப்பான்."